லேயாள் வைத்த நாலு பெயர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், குழந்தைகளுக்கு வைக்க ஏற்ற வேதாகமப் பெயர்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். பெயருக்கு எதிரே பொருள், அவ்வளவுதான். யூதா என்றால் துதி, ஈசாக்கு என்றால் சிரிப்பு. தப்பில்லை, ஆனால் அந்தத் துதி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அந்தப் பெயரை வைத்து என்ன பயன் என்று எனக்குப் பட்டது, அதனால் எழுதுகிறேன்.

ஆதியாகமம் 29-ஐ எடுத்துப் பாருங்கள். லேயாள் தன் புருஷன் யாக்கோபுக்குப் பிடிக்காத மனைவி. முதல் பிள்ளைக்கு ரூபன் என்று பெயர் வைக்கிறாள். கர்த்தர் என் சிறுமையைப் பார்த்தார், இனி என் புருஷன் என்னை நேசிப்பார் என்கிறாள். நேசிக்கவில்லை. அடுத்தவன் சிமியோன், நான் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கேட்டார் என்று. மூன்றாவது லேவி, இந்த முறையாவது அவர் என்னோடு சேர்ந்திருப்பார் என்று. எபிரெயத்தில் பார்ப்பது, கேட்பது, சேருவது என்ற சொற்கள் அந்தந்தப் பெயருக்குள்ளேயே ஒலிக்கின்றன, பிள்ளைகளைக் கூப்பிடும்போதெல்லாம் தன் ஏக்கத்தையே கூப்பிட்டிருக்கிறாள் அந்த அம்மா. நாலாவது பிள்ளை யூதா. இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன் என்கிறாள். இந்த முறை புருஷனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மத்தேயு முதல் அதிகாரத்தில் தாவீதும் இயேசுவும் வருவது இந்த யூதாவின் வம்சத்தில்தான். ஒதுக்கப்பட்டவளுடைய பிள்ளையின் வழியாக.

எங்கள் ஆயாவுக்கு, அப்பாவைப் பெற்றவர், போதும்பொண்ணு என்று பெயர். ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவர். நம்ம வட ஆற்காட்டுக் கிராமங்களில் வேண்டாம் என்றுகூடப் பெண் பிள்ளைக்குப் பெயர் வைத்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். துக்கத்தோடே பெற்றேன் என்று சொல்லி ஒரு அம்மா தன் மகனுக்கு யாபேஸ் என்று பெயர் வைத்ததை 1 நாளாகமம் 4-இல் வாசிக்கும்போது எனக்கு ஆயா ஞாபகம்தான் வரும். லேயாளின் தங்கையும் யாக்கோபின் இன்னொரு மனைவியுமான ராகேல், பிள்ளை பெற்றுச் சாகும்போது பெனொனி, என் துக்கத்தின் மகன், என்று வைத்த பெயரை யாக்கோபு பென்யமீன் என்று மாற்றினான். எங்கள் ஆயாவுக்கு அப்படி மாற்றி வைக்க யாரும் இல்லை.

இன்னொன்று. ஆதாம் முதல் நோவா வரை பத்துப் பெயர்களின் பொருளையும் கோத்து, ஒரு ரகசியச் செய்தி மறைந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, சில பிரசங்கங்களிலும் கேட்டேன். அந்தப் பத்துப் பேரில், பிறந்தபோது ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று வேதமே சொல்வது சேத்துக்கும் நோவாவுக்கும் மட்டும். கொலையுண்ட தன் மகன் ஆபேலுக்குப் பதிலாக தேவன் வேறொரு புத்திரனைக் கொடுத்தார் என்று ஏவாள் சேத் என்று வைத்தாள், இவன் நம்மைத் தேற்றுவான் என்று லாமேக்கு தன் மகனுக்கு நோவா என்று வைத்தான். கேனான், லாமேக்கு போன்ற பெயர்களுக்கு வேதம் விளக்கம் தரவில்லை, அறிஞர்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி வாக்கியம் கட்டவேண்டிய அவசியம் என்ன? பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் ஆறுதல் சேத் என்ற ஒரு பெயரிலேயே கண்முன் இருக்கிறதே.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போட்டால், யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள். இடம் போதாதென்றால் பெயர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
காட்பாடி, வேலூர்