கடற்கரை வெறுமையாகக் கிடக்கிறது என்று நினைத்துக் கூடாரம் அடிக்கலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் பெடியள் நாலைந்து பேராகச் சேர்ந்து யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்குக் கரைப்பக்கம் கூடாரத்தோடு கிளம்புவது இப்போது கூடிவிட்டது. நல்ல விஷயம், போகத்தான் வேண்டும். போகிறவர்கள் ஒரு விஷயத்தை அறிந்துகொண்டு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சித்திரையில் நாங்கள் ஐந்து நண்பர்கள் மூன்று மோட்டார் சைக்கிளில் போனோம். கொடிகாமம் சந்தையில் பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பழப்புளி எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி என்று கரையோரமாகவே தெற்கே ஓடி, கட்டைக்காடு தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஆளில்லாத நீளமான மணல், கடற்றொழிலாளர் தங்கும் ஒரு வாடி, இரண்டு மூன்று வள்ளம், அவ்வளவுதான். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று கூடாரத்தை அவிழ்க்கத் தொடங்கினோம்.

வாடியிலிருந்து ஒரு ஐயா ரோச் லைட்டோடு நடந்து வந்தார். "தம்பியவை, இது பாடு. விடிய வலை இழுக்கிற இடம், மெசினும் இதாலதான் ஓடும்" என்றார். பாடு என்றால் கரைவலை இழுக்கிற கரைத்துண்டு. அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தப் பாட்டில் கரைவலையை உழவு இயந்திரம் வைத்துத்தான் இழுத்தார்கள், அதுவும் இருட்டு விலக முன்னரே. நாங்கள் தலை வைத்துப் படுக்க இருந்தது அந்தச் சில்லு ஓடும் தடத்தில்.

சரி, கொஞ்சம் தள்ளி ஒரு பழைய சீமெந்துத் தரை தெரிகிறதே, அதில் அடிக்கலாமா என்று என் நண்பன் கேட்டான். "அது வேண்டாம் தம்பி, அது ஒரு வீடு" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. 2004 மார்கழி 26க்கு முன் அந்தக் கரையில் வீடுகள் இருந்தன. சுனாமிக்குப் பிறகு பல வீடுகளை உள்ளே தள்ளித்தான் கட்டினார்கள். வரும் வழியில் உடுத்துறையில் நினைவாலயத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள்தான் நாங்கள், ஆனாலும் இந்தக் கரை ஏன் இப்படி வெறுமையாகக் கிடக்கிறது என்று ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

வாடிக்குப் பின்னால் பனையடியில் இடம் காட்டினார். அங்கேதான் படுத்தோம். நிலவில்லாத இரவு, காற்று மெல்ல வந்தது, வெகு நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு பழைய கதைகளைக் கதைத்தோம். ஐந்து பேரும் அப்படி ஆறுதலாக ஒன்றாக இருந்து எத்தனையோ வருடம்.

விடியப்புறம் வள்ளம் போன சத்தத்தில் எழும்பிவிட்டோம். கரைவலையைக் கிட்ட நின்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போய், வலையை வளைத்து இறக்கிக்கொண்டு, மற்றத் தலைப்பை நன்றாகத் தள்ளி இன்னொரு இடத்தில் கரைக்குக் கொண்டுவரும். பிறகு இரண்டு பக்கமும் இழுக்க இழுக்க ஆட்கள் மெதுவாக ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள், கடைசியாக மீன் சேர்ந்திருக்கும் வலைப்பை, அதாவது மடி, வரும். அதனால் அந்த இரண்டு தலைப்புக்கும் நடுவிலுள்ள மணல் முழுவதும் அவர்களுக்கு வேண்டும். எங்கள் கண்ணுக்கு வெறும் மணல், அவர்களுக்கு அது வயல். கடைசியில் மடியைக் கரைக்கு ஏற்றும்போது கையால் பிடிக்கத்தான் வேண்டும், நாங்களும் பிடித்தோம். சூடையும் சாளையும் கொஞ்சம் கணவாயும் வந்தன. பெரிய பிடிபாடு இல்லை என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது, அப்படியிருந்தும் ஒரு பங்கை அள்ளி எங்கள் சட்டிக்குள் போட்டுவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்று விட்டார்கள். நண்டையும் இறாலையும் மட்டும் வற்புறுத்திக் காசு கொடுத்து வாங்கினோம்.

மத்தியானம் கூழ். காய்ந்த பனங்கிழங்கு மாவான ஒடியல் மாவை ஊறவைத்துக் கயர்ப்பைப் போக்கியது நாங்கள், மற்றதெல்லாம் அந்த ஐயாவின் மனைவி பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிச் செய்வித்தது. "மாவைக் கடைசியில கரைச்சு விடுங்கோ, முந்தி விட்டா அடிப்பிடிக்கும்" என்றா. கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா கோலித் தந்ததும் அவதான். வாடியில் நின்ற எல்லோருமாக இருந்து குடித்தோம்.

அங்கே இன்னொன்றையும் பார்த்தேன். வலை இழுத்த ஒரு தம்பியின் உள்ளங்காலில் நீளமான தழும்பு. போன வருடம் யாரோ வந்து தங்கிவிட்டு மணலில் விட்டுப்போன போத்தல் ஓடு வெட்டியதாம், ஒரு மாதம் தொழிலுக்குப் போகவில்லை. செருப்பில்லாமல் கால் ஊன்றி இழுக்கிற தொழில் இது. தயவுசெய்து போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், அல்லது கொண்டு போகவே வேண்டாம். குடிக்கிற தண்ணீரையும் நீங்களே கொண்டு போங்கள், அந்தப் பக்கம் நல்ல தண்ணீருக்கு அவர்களே கஷ்டப்படுகிறார்கள். ஊருக்குள் நுழைந்ததும் கடற்றொழிலாளர் சங்கத்தில் அல்லது முதலில் காணும் வாடியில் எங்கே தங்கலாம் என்று கேளுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. இன்னும் தெற்கே சுண்டிக்குளம் 2015 முதல் தேசிய பூங்கா, அதற்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் இரவு தங்க முடியாது.

பிரதேச சபை பாடுகள் தொடங்குமிடத்தில் ஒரு பலகையும் ஒரு குப்பைத் தொட்டியும் வைத்தால் பெரிய உதவியாக இருக்கும். உங்கள் பத்திரிகை இதைக் கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

புறப்படும்போது, திரும்ப எப்போது வரலாம் என்று ஐயாவிடம் கேட்டோம். "வாடைக்காத்துக்க வராதையுங்கோ, கடல் வாடி மட்டும் ஏறும். மாசி கழியட்டும், வாங்கோ" என்றார்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கோண்டாவில்.