பழைய இணைப்புகள் உடையாமல் இருக்க

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே இடம் கிடைத்துவிட்டது, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மழைதான் விட்டபாடில்லை, மாடியில் போட்ட கத்தரி எல்லாம் அழுகிப்போய் வெண்டை மட்டும் தப்பித்திருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயம். நீ அனுப்பிய எச்டிஆக்சஸ் கோப்பை, அதாவது எந்த முகவரியைக் கேட்டால் எதைக் கொடுப்பது என்று அப்பாச்சி வெப் சர்வருக்குச் சொல்லும் விதிக் கோப்பை, முழுசாகப் படித்தேன். பத்திரிகைத் தளத்தை உன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று புலம்பியிருந்தாயே, நியாயமான புலம்பல்தான். அது கோப்பு இல்லை, பரண். எப்போதோ கழற்றி எறிந்த பிளக்இன்னுக்கான விதிகள் அப்படியே கிடக்கின்றன. ஒரே ரீடைரக்ட்டை (ஒரு முகவரிக்கு வருபவரை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதை) மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு விதி ஏன் இருக்கிறது என்று உன்னால் சொல்ல முடியவில்லை என்றால், அதைக் கமெண்ட் ஆக்கி முடக்கிவிட்டு, சர்வரின் பதிவேடான லாகைப் பார். பயந்து பயந்து எல்லாவற்றையும் வைத்திருந்ததால்தான் இந்த நிலைமை.

பழைய கதைகளின் முகவரிகள் ஏன் ரீடைரக்ட் ஆகவில்லை என்று கேட்டிருந்தாய். பழைய முகவரி ‘ஸ்டோரி டாட் பிஎச்பி’, அப்புறம் ஒரு கேள்விக்குறி, அப்புறம் ‘ஐடி=312’ என்ற வடிவில் இருக்கிறது. முகவரியை மாற்றும் விதியான ரீரைட்ரூல் பார்ப்பது கேள்விக்குறிக்கு முன்னால் இருக்கும் பாதையை மட்டும்தான். 312 அதன் கண்ணிலேயே படாது. அதற்கு மேலே ரீரைட்காண்ட் என்ற நிபந்தனை வரியைப் போட்டு, கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் குவெரி ஸ்ட்ரிங்கைத் தனியாகப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகும் பழைய ஐடி புது முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். அப்பாச்சி 2.4-இல் அதை வெட்டக் கியூஎஸ்டி என்ற ஃபிளாக் (விதியின் கடைசியில் சேர்க்கும் குறி) இருக்கிறது.

ஆயிரத்துச் சொச்சம் கதைகளுக்கு ஆயிரத்துச் சொச்சம் விதி எழுதாதே. அப்படி எழுதினால், பொருந்தும் விதி கிடைக்கும்வரை ஒவ்வொரு கோரிக்கைக்கும் அப்பாச்சி வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். ஒரு டெக்ஸ்ட் கோப்பில் இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் புது முகவரி என்று பட்டியல் போட்டு, ரீரைட்மேப் மூலம் அதைக் காட்டிவிட்டால் ஒரே விதி போதும். ஆனால் ரீரைட்மேப்பை எச்டிஆக்சஸில் அறிவிக்க முடியாது, சர்வரின் மெயின் கான்ஃபிக்கில், உன் தளத்துக்கான விர்ச்சுவல் ஹோஸ்ட் பகுதியில்தான் முடியும். நீ இப்போது சொந்தமாக வி.பி.எஸ்., அதாவது முழுக் கட்டுப்பாடும் உன் கையில் உள்ள சர்வர், வைத்திருப்பதால் அது பிரச்சினை இல்லை.

அங்கே போனதோடு எல்லா விதிகளையும் அங்கேயே கொண்டுபோய்விடு. எச்டிஆக்சஸை அனுமதித்திருக்கும்வரை, ஒரு சின்னப் படத்தைக் கேட்டால்கூட, அந்தப் படம் இருக்கும் ஃபோல்டர்வரை வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று அப்பாச்சி தேடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும், ஒவ்வொரு தடவையும். எச்டிஆக்சஸை அனுமதிக்கும் அலவ்ஓவர்ரைடை ‘நன்’ ஆக்கிவிட்டால் அந்தத் தேடலே நின்றுவிடும். விதிகளை அப்படியே வெட்டி ஒட்டினால் மட்டும் வேலை செய்யாது. எச்டிஆக்சஸில் பாதையின் முதல் சாய்கோடு கழன்றுதான் விதிக்கு வந்து சேரும், மெயின் கான்ஃபிக்கில் அது கூடவே வரும். உன் பேட்டர்ன்கள் எல்லாம் அந்தச் சாய்கோடு இல்லாமல் எழுதப்பட்டவை.

சோதிக்கும்போது 301 என்ற நிரந்தர ரீடைரக்ட் எண்ணைப் போடவே போடாதே. பிரவுசர் அதை நிரந்தரம் என்று நம்பி நினைவில் வைத்துக்கொள்ளும். நீ விதியைத் திருத்திய பிறகும் பழைய இடத்துக்கே போய் நிற்கும், நீயும் சர்வரைத் திட்டிக்கொண்டிருப்பாய். முதலில் தற்காலிகமான 302, எல்லாம் சரி என்று ஆன பிறகு 301. பிரவுசரில் பார்ப்பதைவிட, கர்ல் கட்டளையில் சர்வர் பதிலின் தலைப்பகுதியான ஹெடரை மட்டும் வாங்கிப் பார்ப்பது நல்லது. அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உன் தளத்தில் எச்டிடிபியில் வருபவர் முதலில் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போகிறார், அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத பெயருக்கு, அங்கிருந்து புது முகவரிக்கு. மூன்று தாவல். மொபைலில் சிக்னல் சுமாராக இருக்கும் ஊரில் படிப்பவருக்கு ஒவ்வொரு தாவலும் ஒரு காத்திருப்பு. எல்லாவற்றையும் ஒரே தாவலில் முடிக்கலாம். ஒரு விதி எங்கே போய் முட்டுகிறது என்று புரியாவிட்டால் லாக் எவ்வளவு விவரமாக எழுத வேண்டும் என்று சொல்லும் லாக்லெவலில் ரீரைட்டுக்கு மட்டும் ட்ரேஸ்3 வைத்துப் பார். வேலை முடிந்ததும் எடுத்துவிடு, அது எழுதுகிற அளவுக்கு டிஸ்க் தாங்காது.

இதெல்லாம் எந்த மொழித் தளத்துக்கும் பொது. தமிழ்த் தளத்துக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு, அதில்தான் நீயும் மாட்டியிருக்கிறாய். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும், எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். முகவரியில் அதுவே சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக நீளும். ‘அம்மா’ என்ற பெயரில் புள்ளியும் துணைக்காலும் சேர்த்து 5 குறி, ஆக 45 எழுத்து. உன் தளத்தை ஓட்டும் வேர்ட்பிரஸ் இந்த நீட்டிய வடிவத்தைத்தான் டேட்டாபேஸில் வைக்கிறது, அதற்கு ஒதுக்கிய இடமோ 200 எழுத்து. கணக்குப் போட்டுப் பார், 22 குறிகள்தான் தேறும். உன் தொடர்கட்டுரைகளின் முகவரி பாதியில் அறுந்து, கடைசியில் 2, 3 என்று எண் மட்டும் மாறிக்கொண்டு நிற்பது அதனால்தான். தலைப்பை அப்படியே முகவரியாக்க விடாமல், இரண்டே சொல்லில் கையால் எழுதிவிடு.

ரீரைட்ரூல் பொருத்திப் பார்ப்பது டீகோட் ஆன, அதாவது சதவீதக் குறிகளை மீண்டும் எழுத்தாக்கிய பாதையை. அதனால் விதியில் தமிழ் எழுத்தையே நேரடியாக எழுதலாம், கோப்பை யூடிஎஃப்-8-இல் சேமித்தால் போதும். ஆனால் மேப்பின் வலது பக்கத்தில் ஏற்கெனவே சதவீதக் குறி போட்ட முகவரி இருந்தால், ரீடைரக்ட் செய்யும்போது அந்தச் சதவீதக் குறியையே மறுபடி மாற்றி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு 25-ஐச் செருகிவிடும். உன் லாகில் 404 (‘பக்கம் இல்லை’) ஆகக் குவிந்திருப்பவை அந்த 25 புகுந்த முகவரிகள்தான். அப்படி மாற்றாதே என்று சொல்லும் என்ஈ ஃபிளாக் போடு, தீர்ந்தது.

மூன்று பைட் என்றதும் பக்கம் கனமாகிவிடுமே என்று கவலைப்படாதே. தமிழ் எழுத்து எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றேதான், இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. இப்படித் திரும்பத் திரும்ப வருவதை ஜிஜிப் என்ற சுருக்கும் முறை பிரமாதமாகச் சுருக்கும். உன் சர்வரில் அது ஆன் ஆகவே இல்லை. நீ ஏற்றி வைத்திருக்கும் சர்வர் எண்களைத் தொடுவதற்கு முன்னால் அதைச் செய்.

அப்புறம் அந்த எண்கள். புது இதழ் வெளியாகும் நாளில் தளம் படுத்துவிடுகிறது என்று பிஎச்பியை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மில், ஒரே நேரத்தில் எத்தனை புராசஸ் ஓடலாம் என்ற மேக்ஸ் சில்ரனை 100 ஆக ஏற்றி வைத்திருக்கிறாய். மெஷினில் இருப்பதோ 2 ஜிபி. மைசீக்வெல், ஓஎஸ் எல்லாம் போக 1,200 எம்பி மிச்சம், ஒரு பிஎச்பி புராசஸ் 60 எம்பி தின்கிறது என்று வைத்துக்கொள். 20 பேருக்குத்தான் இடம். 21-ஆவது ஆள் வரிசையில் ஒரு நொடி நிற்கட்டும், குற்றமில்லை. 100 பேரையும் உள்ளே விட்டால் மெமரி தீர்ந்து, டிஸ்கையே மெமரியாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் விழுந்து, முன்னால் வந்த 20 பேருக்கும் சேர்த்துத் தளம் நின்றுவிடும். 60 என்பது நான் குத்துமதிப்பாகச் சொன்னது, உன் மெஷினில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வகுத்துக்கொள். உண்மையில் உன் வாசகர்களில் யாரும் லாகின் செய்வதில்லை, கதை படித்துவிட்டுப் போகிறார்கள். ஒருமுறை தயாரித்த பக்கங்களை கேஷ் செய்து, அதாவது சேமித்து வைத்து, எச்டிஎம்எல் ஆகவே கொடுத்துவிட்டால் பெரும்பாலான நேரம் பிஎச்பியை எழுப்பவே வேண்டாம். அட்டைப்படங்களைப் பிரவுசர் ஒரு வருஷம் சேமித்து வைத்துக்கொள்ளும்படி மேக்ஸ்-ஏஜ் கொடு, படத்தை மாற்றினால் கோப்பின் பெயரையும் மாற்று.

அப்பாச்சியை விட்டு என்ஜின்எக்ஸுக்கு மாறட்டுமா என்று கேட்டிருந்தாய். நல்ல சர்வர்தான். பத்தாயிரம் இணைப்புகளை ஒரே மெஷினில் சமாளிப்பது பெரிய சவாலாக இருந்த காலத்தில், அதற்கென்றே இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்டது. உனக்கு அந்த அளவு கூட்டம் இல்லை. அப்பாச்சியிலேயே, பல இணைப்புகளைச் சிக்கனமாகக் கவனிக்கும் ஈவென்ட் எம்பிஎம் போட்டு, கேஷையும் சரிசெய்தால் தாராளமாகத் தாங்கும். பிடிவாதமாக மாறுவதானால் ஒன்றை மட்டும் மறக்காதே. என்ஜின்எக்ஸ் எச்டிஆக்சஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உன் பேக்கப் ஃபோல்டரை யாரும் திறக்காமல் பூட்டி வைத்திருப்பது அதில் உள்ள ஒரு வரிதான். மாறிய அன்றே சந்தாதாரர் பட்டியல் ஊருக்கே திறந்து கிடக்கும். எந்த சர்வராக இருந்தாலும் அந்த ஃபோல்டரை இன்றைக்கே, இணையத்துக்குத் தெரியும் ஃபோல்டரான வெப்ரூட்டுக்கு வெளியே நகர்த்திவிடு.

ரீரைட்மேப்பைப் போட்டுவிட்டு, ஒரு வாரத்து ஆக்சஸ் லாகில் 404 வரிகளை மட்டும் பிரித்து அனுப்பு. விட்டுப்போன கதைகளை உட்கார்ந்து பொருத்தித் தருகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். மதுரையில் இருப்பாயா, இல்லை மகளைப் பார்க்கக் கோவை போய்விடுவாயா என்று எழுது, அதைப் பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் கூட்டாளி