ஸ்னாப்ஷாட் காப்புப்பிரதி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்ததை ஒட்டி, பழைய மென்பொருள்களைப் புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினி (மென்பொருளால் உருவாகும் கணினிக்குள் கணினி) அமைத்து ஓட்டலாம் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்லதே. ஆனால் வாரம் ஒருமுறை ஸ்னாப்ஷாட், அதாவது மெய்நிகர் கணினியின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைத்து, வேண்டும்போது அதற்குத் திரும்ப உதவும் பதிவு, எடுத்துவிட்டால் தரவு பத்திரமாக இருக்கும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அதே நம்பிக்கையில் இருந்து கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். திருமணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் ஆகியவைதாம் எங்கள் பிழைப்பு. இருபது ஆண்டுகளாகச் சேர்த்த மேட்டர் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளிலும், யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களிலும் கிடக்கிறது. அவற்றைத் திறக்க விண்டோஸ் எக்ஸ்பி வேண்டும். எக்ஸ்பி ஓடிய பழைய கணினி உயிரை விட்டபோது, விண்டோஸ் 11 உள்ள புதிய கணினியில் மெய்நிகர் கணினி அமைக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி அதற்குள் எக்ஸ்பியை ஏற்றினேன்.

தொடக்கத்தில் வந்த தொல்லைகள் சின்னவை. மெய்நிகர் கணினி தொடங்கவே மறுத்தது. செயலியின் (சிபியு) மெய்நிகராக்க வசதி, கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்ததே காரணம். இன்டெல் கணினிகளில் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி கணினிகளில் எஸ்விஎம் என்றும் அது பெயர் பெறும். டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தைப் பார்த்தாலே அது இயங்குகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து, சாளரத்தின் கீழ்மூலையில் ஒரு பச்சை ஆமை வந்து உட்கார்ந்தது. விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வி அடியில் ஓடுவதால் விர்ச்சுவல்பாக்ஸ் மெதுவாகலாம் என்பதற்கான அடையாளமாம் அது. பத்திரிகை மேட்டருக்கு அந்த வேகமே போதும் என்பதால் ஆமையை அப்படியே விட்டுவிட்டேன். 8 ஜிபி நினைவகத்தில் 6 ஜிபியை எக்ஸ்பிக்குத் தூக்கிக் கொடுத்தது மட்டும் என் அறியாமை. எக்ஸ்பிக்கு 1 ஜிபி தாராளம். மிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டால் வெளியே இருக்கும் கணினிதான் திணறும்.

உண்மையான சிக்கல் பதினான்கு மாதம் கழித்து, தை மாத முகூர்த்த நேரத்தில் வந்தது. வட்டில் இடமில்லை என்று சொல்லி மெய்நிகர் கணினி பாதி வேலையில் உறைந்து நின்றது. 20 ஜிபியில் தொடங்கிய அதன் கோப்புறை 150 ஜிபியைத் தாண்டியிருந்தது. காரணம், நான் எடுத்துக் குவித்த ஸ்னாப்ஷாட்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் மூல வட்டுக் கோப்பு அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டு, அதன் பிறகு நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் புதிய கோப்பு ஒன்றில் எழுதப்படுகிறது. அடுத்த ஸ்னாப்ஷாட் எடுத்தால் அதற்கும் மேல் இன்னொரு கோப்பு. சரக்குக் கணக்கை முதல் நோட்டில் முடிக்காமல், ‘மீதி அடுத்த நோட்டில்’ என்று எழுதிக்கொண்டே போவது போன்றது இது. நடுவில் ஒரு நோட்டு தொலைந்தால் அதற்குப் பின்னால் உள்ள நோட்டுகளால் பயன் இல்லை.

என் கணினியில் தொலைந்ததும் நடு நோட்டுதான். அவசரத்துக்கு அழைத்த பழுதுபார்ப்பவர், நெளிவு அடைப்புக்குறிக்குள் நீளமான எண்ணும் எழுத்துமாகப் பெயர் தாங்கிய ஸ்னாப்ஷாட் கோப்புகளைப் பார்த்துக் குப்பை என்று கருதி, அவற்றில் நான்கைக் கோப்புறையிலிருந்தே நேரடியாக அழித்துவிட்டார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான். பழைய ஸ்னாப்ஷாட்டை மென்பொருளின் பட்டியலில் இருந்துதான் நீக்க வேண்டும். அப்போது அதன் உள்ளடக்கம் சங்கிலியில் அடுத்துள்ள கோப்போடு இணைக்கப்படும். அதற்கும் நேரமும் வட்டில் காலியிடமும் தேவை என்பதால், வட்டு நிரம்பும் வரை காத்திருக்கக் கூடாது. எனக்கு மிஞ்சியது முதல் நாள் நிலையில் இருந்த எக்ஸ்பி மட்டுமே. அச்சுக்கு முன் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்த ப்ரூஃப் தாள்களைப் பார்த்து, பதினேழு பத்திரிகைகளை என் மனைவியும் நானும் இரவெல்லாம் மறுபடி தட்டச்சு செய்தோம்.

ஸ்னாப்ஷாட்டே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. புதிய எழுத்துருவோ மென்பொருளோ ஏற்றுமுன் ஒன்று எடுத்து, எல்லாம் சரியாக ஓடினால் இரண்டு நாளில் நீக்கிவிடுவதற்கு அது அருமையான வசதி. காப்புப்பிரதி வேறு. இப்போது நான் சனிக்கிழமை தோறும், நிலையைச் சேமித்து மட்டும் மூடிவிடாமல், எக்ஸ்பியை முறைப்படி ஷட் டவுன் செய்து, மெய்நிகர் கணினியின் கோப்புறை முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுக்கிறேன். அந்த டிஸ்க் அச்சகத்தில் தங்குவதில்லை. 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்ததைப் பார்த்த பிறகு, அது என் மைத்துனர் வீட்டு மாடியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்தும் பார்க்கிறேன், ஏனெனில் திறந்து பார்க்காத நகலை நம்பும் துணிச்சல் எனக்கு இனி இல்லை.

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. மெய்நிகர் கணினிக்குள் இருப்பதால் மட்டும் அது பாதுகாப்பாகிவிடாது. அமைப்புகளில் அதன் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை எக்ஸ்பிக்குள் நிறுவி, இரண்டு கணினிகளுக்கும் பொதுவான பகிர்வுக் கோப்புறை வழியாக மட்டும் கோப்புகளைக் கொண்டுவந்தால் போதும். பேஜ்மேக்கருக்கு இணையம் எதற்கு?

கடலூரிலும் புதுச்சேரியிலும் என்னைப் போல் பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழும் அச்சகத்தார் பலர். அவர்களும் தங்கள் கணினிப் பக்கத்தைப் படிக்கிறார்கள். தை முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.