தகடு தேடும் வேலை போயிற்று

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? இங்கே ஆடிக் காற்று பட்டறைத் தகரத்தைப் பிய்த்துவிடும்போல அடிக்கிறது. தங்கச்சிக்கு மூட்டு வலி தேவலையா? மருமகனுக்கு வேலை உறுதியானது கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் சின்ன லேத்துக்கு, அதான் கடைசல் மிஷினுக்கு, வெட்டுகிற டூலைப் பிடிக்கிற டூல் போஸ்ட் ஒன்றை நானே செய்துவிட்டேன். டூலைச் சட்டென்று மாற்றிக்கொள்கிற வகை.

கோவை கணபதியில் நாம் ஒன்றாக லேத்தில் நின்ற காலம் ஞாபகம் இருக்கிறதா? ஹேக்ஸா பிளேடு துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, டூலுக்கு அடியில் தகடாக ஒவ்வொன்றாகச் சொருகி, டூல் முனை சுழலும் வேலையின் மையத்துக்கு நேராக வருகிறதா என்று சென்டர் உயரம் பார்ப்போமே. தண்டு சுழல்கிற வளையமான மோட்டார் புஷ் ஒன்று செய்வதற்குள் முனையைச் சமமாக்கி முகம் எடுக்க, வெளியே கடைய, உள் ஓட்டையைக் கடைந்து போரிங் போட, அறுத்து விட என்று நாலு டூல் மாற வேண்டும். ஒவ்வொரு தடவையும் தகடு. உயரம் குறைந்தால் முகத்தின் நடுவில் குமிழ் நிற்கும்; கூடினால் டூல் வெட்டாமல் உரசும். இந்த அலுப்பில்தான் பல நாள் ஒரே டூலை வைத்து எல்லா வேலையையும் ஒப்பேற்றினேன். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கடையில் விற்பது புறா வால் வடிவத்தில் வெட்டி ஆப்பு வைத்துப் பிடிக்கிறது. அதை நாம் செய்ய நல்ல மில்லிங் மிஷின் வேண்டும். நான் செய்தது உருண்டைத் தூண். உக்கடம் பழைய இரும்புக் கடையில் கிடைத்த ராடை 40 மில்லிமீட்டருக்குக் கடைந்து, நடுவில் ஓட்டை போட்டு, டூலை நகர்த்துகிற காம்பவுண்ட் ஸ்லைடின் மேல் ஸ்டட்டில், அதாவது மரை போட்ட தண்டில், இறுக்கினேன். டூல் பிடிக்கிற பிளாக் அந்தத் தூணில் மோதிரம் போல இறங்கும். பிளாக்கின் ஒரு பக்கம் ஹேக்ஸாவால் பிளந்து குறுக்கே ஒரு ஆலன் போல்ட். அதை முறுக்கினால் தூணைக் கவ்விக்கொள்ளும். பிளாக்கின் மேலே சின்ன ஸ்டட்டில், கையால் திருக வசதியாகச் சொரசொரப்பாக நூர்லிங் போட்ட நட் ஒன்று. அதன் விளிம்பு தூணின் தலையில் உட்காரும். லேத்தின் எதிர் முனையில் நிற்கிற டெயில்ஸ்டாக் சென்டர் முனைக்கு நேராக டூலை ஒரு தடவை ஏற்றி இறக்கி வைத்துவிட்டால் போதும். பிளாக்கைக் கழற்றி மாட்டினாலும் அதே உயரத்துக்கு வந்து நிற்கும்.

முதல் பிளாக் வீணாயிற்று. பிளந்துவிட்டுப் பிறகு போரிங் போட்டேன். வேலையைப் பிடிக்கிற நாலு ஜா சக்கில் இறுக்கும்போதே பிளவு நெருங்கி, கழற்றியதும் ஓட்டை வட்டம் மாறியிருந்தது. நீ போரிங்கை முதலில் முடி, பிளப்பது கடைசி. ஓட்டையைத் தூணில் எண்ணெய் தடவிக் கையால் தள்ளினால் இறங்குகிற அளவுக்கு வை. லொடலொடவென்று இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பிளாக் சாயும், அறுக்கிற டூல் கட்டாயம் வேலையில் சிக்கிக் கடிக்கும். டூல் உட்காரும் பள்ளத்தை மட்டும் பக்கத்துப் பட்டறையில் மில்லிங் போட்டு வாங்கினேன்.

ஒரு குறை உண்டு. உயரம் மாறாது, ஆனால் உருண்டைத் தூண் என்பதால் பிளாக் எந்தப் பக்கமும் திரும்பும். மாட்டும்போதெல்லாம் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பின் வைத்து நிறுத்தலாம் என்று யோசித்திருக்கிறேன். நம் வேலைக்கு அது பெரிய தொந்தரவு இல்லை.

இப்போது நாலு பிளாக், நாலு டூல். போன வாரம் ஒரு போர்வெல் மோட்டார் புஷ் கடையும்போது தகடு டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி, மாப்ளே. கோபியில் நீ தனியாகக் கிடந்து தகடு சொருகுவதை நினைத்ததும் உனக்கும் ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. அதே ராடில் ஒரு முழம் மிச்சம் வைத்திருக்கிறேன்.

உன் லேத்தில் காம்பவுண்ட் ஸ்லைடின் மேல் முகத்திலிருந்து சென்டர் வரை எத்தனை மில்லி, ஸ்டட் என்ன சைஸ் என்று அளந்து எழுது. ஆடி பதினெட்டு முடிந்ததும் ஆரம்பித்துவிடுகிறேன்.

உன் பழைய பட்டறைத் தோழன்