செயலாளரின் ஆண்டறிக்கை: பதினேழு வயதில் வெள்ளவத்தை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊரான கொழும்பு வெள்ளவத்தையின் வரலாறு எழுத வேண்டும் என்று போன பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். அந்த வேலையை என் தலையில் கட்டியவர்கள் இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். எந்தக் கட்டடம் எந்த ஆண்டில் எழுந்தது என்று தொடங்கினால் நாலு பக்கத்தில் கதை முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. ஆகவே இளைஞர் பிரிவுப் பிள்ளைகளோடு வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி கேட்டோம்: உங்களுக்குப் பதினேழு வயதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

ஹவ்லொக் வீதிப் பக்கம் ஓர் ஐயா தன் தகப்பனின் பதினேழைச் சொன்னார். அந்த வயதில் அவர் மில்லில் வேலை. "எந்த மில்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். இன்று ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில்தான் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்தது என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்ற கொல்வின் ஆர். டி சில்வாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஐயாவின் தகப்பனோ கட்சி, கொடி என்று எதுவும் கதைத்ததில்லையாம். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவாராம். "அதனால்தான் நாங்களும் சத்தமாகக் கதைக்கிற குடும்பம்" என்று ஐயா சிரித்தார். பதிவைக் கேட்டுப் பாருங்கள், உண்மைதான்.

அடுத்து ஓர் அம்மா. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டபோது அவருக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினேழு. சில நாட்களில் குடும்பமே ரயிலேறி யாழ்ப்பாணம் போனது. மற்றவர்கள் பிறகு திரும்பினார்கள். அண்ணன் சுன்னாகத்தில் கடையோடு நின்றுவிட்டார், படிப்பும் நின்றது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் தொடங்கியதும் அதே 1942இல்தான். இரண்டு சங்கதியும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். ஒரு பக்கம் சனம் மூட்டை கட்ட, இன்னொரு பக்கம் ஆட்கள் சங்கம் அமைத்த ஆண்டு அது என்று சேர்த்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் என்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பிரச்சினை என்றே நினைத்திருந்தேன். 57ஆம் ஒழுங்கைக்குக் கிட்ட இருக்கும் அண்ணர் ஒருவர் அதைத் திருத்தினார். 1971இல் பொறியியல், மருத்துவ பீடங்களுக்குத் தமிழில் எழுதியவர்கள் சிங்களத்தில் எழுதியவர்களைவிடக் கூடிய புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது, போட்டி கூடிய கொழும்பு மாவட்டப் பிள்ளைகளும் இடம் இழந்தார்கள். பொறியியல் கனவு கண்டவர் வங்கியில் எழுதுவினைஞராகி ஓய்வு பெற்றுவிட்டார். உயர்தரப் பெறுபேற்றை இன்னும் பிளாஸ்ரிக் உறையில் வைத்திருக்கிறார்.

1983 இனக்கலவரம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பலர் ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். பிள்ளைகள் அதற்குப் பிறகு தெருவில் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார்கள்.

காலி வீதியில் போன் கடை வைத்திருக்கும் தம்பிக்கு 2007இல் பதினேழு. மட்டக்களப்பிலிருந்து வந்து, வெளிநாடு போகும் எண்ணத்தில் லொட்ஜில் தங்கியிருந்தவர். கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனாலும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சேட்டுப் பையில் இருக்குமாம். அந்த ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. தம்பி இருந்த லொட்ஜுக்குப் பொலிஸார் வரவில்லை. பக்கத்து லொட்ஜில் காய்ந்துகொண்டிருந்த உடுப்புகளை எடுக்க யாரும் இல்லாமல் இரண்டு நாள் அப்படியே கிடந்ததாம்.

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பதிவுகள் என் கவனக்குறைவால் அழிந்துபோயின. பழைய சேர்வு இடாப்பைப் பார்க்க ஒரு பாடசாலைக்கு மூன்று தடவை போனோம், கறையான் அரித்த மட்டைதான் மிச்சம். கடற்கரைப் பக்க வீடுகளின் பதிவுகளில் பேச்சைவிட ரயில் சத்தம் கூட. பெண்களிடம் போதிய அளவு கேட்கவில்லை. பல வீடுகளில் அம்மாமார் தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு உள்ளே போனார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். அது என் பிழை.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. செலவு விபரம் பொருளாளர் அறிக்கையில் உண்டு.

கடைசியாக, பதிவு செய்த பிள்ளைகளிடமே அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர்களுக்கு இப்போதுதான் பதினேழு. "டியூஷன்" என்றார்கள். "டியூஷன், பிறகு பாஸ்போட்" என்றாள் ஒருத்தி. அதையும் பதிவில் சேர்த்திருக்கிறோம்.

மில்லின் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. யாருடைய வீட்டு அல்பத்திலாவது இருந்தால் கொண்டுவாருங்கள், ஸ்கேன் பண்ணி அன்றே திருப்பித் தருவோம்.

செயலாளர்