மரைக்கு எந்தக் கண்ணாடி?

அன்பின் சிவா,

நலம். வீட்டில் எல்லாரும் சுகம் என்று நினைக்கிறேன். போன கிழமை மரை (சாம்பர் மான்) வேட்டைக்கு உன்ரை துவக்கில் பூட்டப்போகிற ஸ்கோப், அதுதான் குறிபார்க்கிற கண்ணாடி, பற்றிப் போனில் கதைத்துக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுக்கலாம் என்றுதான் இருந்தேன். பிறகு யோசித்தேன்: போனில் சொன்னால் நீ "ஓம் ஓம்" என்றுவிட்டு அடுத்த நாளே கடைக்காரன் காட்டினதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் ஒருதரமாவது வாசிப்பாய். அதுதான் இந்தக் கடிதம்.

இங்கே மாஃப்ராவில் குளிர் பிடித்துவிட்டது. மனிசி சாக்கால் மூடி மூடி வளர்த்த முருங்கைக்கன்று இரண்டும் போன வெள்ளிக்கிழமை உறைபனியில் கருகிப்போயிற்று. இரண்டு நாளாக வீடு சாவீடு மாதிரிக் கிடந்தது. முருங்கைக்காய் டண்டினோங்கில் வாங்கலாமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகு சாப்பாட்டிலும் உப்புக் குறைந்துவிட்டது. என்ரை முழங்கால் பரவாயில்லை. மலை ஏறலாம், இறங்கும்போதுதான் சண்டை பிடிக்கும்.

சரி, உன்ரை விஷயத்துக்கு வருவோம். பி வகைத் துவக்கு லைசன்ஸ் கிடைத்ததும் .308 போல்ட் அக்சன் துவக்கு எடுத்ததும் நல்ல சந்தோசம். அவுஸ்ரேலியாவில் எங்கட விக்ரோரியா மாநிலத்தில் மரைக்குச் சட்டம் கேட்கிற ஆகக் குறைந்த குழாய் அளவு .270, சன்னம் 130 கிறெயின் பாரம். உன்னுடையது அதற்கு மேலே. துவக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்கு மேலே 6-24×50 ஸ்கோப் (6 முதல் 24 மடங்கு பெருக்கும், முன்வில்லை 50 மி.மீ.), உள்ளே கிறிஸ்மஸ் மரம் மாதிரிக் கோடும் புள்ளியும் இலக்கமும் என்றாயே, அது வேண்டாமடா. கடைப் பெடியன் உனக்குப் பொய் சொல்லவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் 800 மீற்றரில் இரும்புத் தகட்டுக்கு வெடி வைக்கிறவன். தகடு ஓடாது.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. இரண்டு வருசத்துக்கு முதல் ஆடி மாதம், லிகோலாவுக்கு அங்காலே ஒரு மலைமுதுகில் காலமை இருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது 4-16. எதிர்ச்சரிவில் வெயில் விழுகிற இடங்களை 16-இல் வைத்து ஒரு மணித்தியாலம் பார்த்தேன், ஒன்றும் இல்லை. புகார் இறங்கத் தொடங்க, நானும் பள்ளத்துக்குள் இறங்கினேன். பெருக்க வளையத்தைத் திருப்பிக் குறைக்க மறந்துவிட்டேன். கீழே மரப்பன்னம் அடர்த்தி, பத்தடிக்கு அங்காலே கறுப்பாகக் கிடக்கும். ஓடை சத்தம்போட்டதால் என்ரை காலடி அதுக்குக் கேட்கவில்லைப்போல. நிமிர்ந்து பார்க்கிறேன், 25 மீற்றரில் ஒரு கிடாய். தலையை மற்றப் பக்கம் திருப்பி, தோள்பட்டையை எனக்கு நேரே காட்டிக்கொண்டு நிற்கிறது.

துவக்கைத் தூக்கினேன். கண்ணாடிக்குள் தெரிந்தது வெறும் மயிர். வசையாய்ச் சொல்லவில்லை, மெய்யாகவே மயிர்தான். மங்கலாக ஒரு கபிலச் சுவர், அது கழுத்தோ தொடையோ வயிறோ யாருக்குத் தெரியும். ஸ்கோப்புக்கு மேலால் பார்த்தால் மரை நிற்கிறது, உள்ளே பார்த்தால் சுவர். விறைத்த விரலால் வளையத்தைத் தேடித் திருப்பி முடிக்கிறதுக்குள் "டொங்" என்று ஒரு சத்தம், லொறி ஹோர்ன் மாதிரி. பிறகு பன்னம் ஆடுகிறது மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 16-இல் 100 மீற்றரில் கண்ணாடிக்குள் தெரிகிற அகலம் இரண்டு மீற்றர் அளவில்தான். அப்ப 25 மீற்றரில் அரை மீற்றர். கிடாயின் நீளமே இரண்டு மீற்றர் வரும். சாதாரண 3-9×40 ஒன்றை 3-இல் வைத்தால் 100 மீற்றரில் 11 மீற்றர் அளவு தெரியும், 25-இல் இரண்டே முக்கால் மீற்றர். முழு மரையும் உள்ளே வரும், அது போகிற திசையும் தெரியும். அதுதான் உனக்குச் சொல்கிறேன், ஸ்கோப் பார்க்கும்போது பெரிய இலக்கத்தை விட்டுவிட்டுச் சின்ன இலக்கத்தைப் பார். உன்ரை 6-24-இன் ஆகக் குறைந்ததே 6. தூரத்தில் நிற்கிற மரை வளையம் திருப்ப உனக்கு நேரம் தரும். கிட்ட நிற்கிறது தராது. நான் இப்ப வைத்திருப்பது 2.5-10×42. நடக்கும்போது எப்பவும் அடி இலக்கத்தில்தான் கிடக்கும்.

வெளிச்சக் கதைக்கு வருவோம். சட்டப்படி சூரியன் எழுவதற்கு அரை மணித்தியாலம் முன்னரிருந்து, விழுந்து அரை மணித்தியாலம் வரைக்கும்தான் வெடி வைக்கலாம். மரையும் அந்த இரண்டு அரை மணித்தியாலத்துக்குள்தான் வெளியே வரும், அதுக்கும் சட்டம் தெரியும்போல. அந்த நேரம் கண்ணாடியிலிருந்து கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றை எவ்வளவு தடிப்பு என்பதுதான் கணக்கு. முன்வில்லையின் அளவைப் பெருக்கத்தால் பிரித்தால் அது வரும். 50 மி.மீ.யை 24-ஆல் பிரித்தால் இரண்டு மி.மீ. சொச்சம், மைம்மலில் படம் இருண்டுவிடும். 42-ஐ 6-ஆல் பிரித்தால் 7. இளம் பெடியனின் கண்மணி இருட்டில் 7 வரைக்கும் விரியும், நீயும் நானும் 5 விரித்தாலே பெரிய காரியம். அதனால் 56 மி.மீ. வில்லைக்குக் காசைக் கொட்டாதே. பாரம், அதோடு ஸ்கோப் உயர்ந்து கன்னம் கட்டையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். 30 மி.மீ. குழாய் கூட வெளிச்சம் தரும் என்று யாரும் சொன்னால் சிரித்துவிட்டு வா. அதில் கூடுவது உள்ளே திருப்புகிற இடம் மட்டும்தான். வெளிச்சம் வருவது வில்லையின் தரத்திலும் அதன் பூச்சிலும்.

இனி ரெட்டிகிள், அதாவது உள்ளே தெரிகிற சிலுவைக் கோடு. உன்ரை அப்புவின் இடியன் துவக்கு ஞாபகம் இருக்கிறதா? பின்னேரம் வயலுக்குப் பன்றி கலைக்கப் போகும்போது வெற்றிலைத் தட்டத்திலிருந்து ஒரு பொட்டுச் சுண்ணாம்பை எடுத்துக் குழாய் முனைக் குமிழில் தொட்டுவிட்டுத்தான் போவார். நாங்கள் இரண்டுபேரும் அது ஏதோ நேர்த்தி என்று நினைத்திருந்தோம். இருட்டில் கண் தேடாமல் அங்கே போகவேண்டும், அவ்வளவுதான். நல்ல ரெட்டிகிள் என்பதும் அந்தச் சுண்ணாம்புப் பொட்டுத்தான் மச்சான். மற்றதெல்லாம் அலங்காரம்.

முந்தின காலத்தில் உள்ளே சிலந்தி நூலையே கட்டினார்கள், பிறகு மெல்லிய கம்பி. மெல்லிசுக் கோடு பகலில் வடிவாய் இருக்கும், மைம்மலில் கரைந்துபோகும். தடித்த கோடு இருட்டில் தெரியும், ஆனால் தூரத்தில் மிருகத்தையே மறைத்துவிடும். இரண்டையும் சேர்த்து, வெளியே தடிப்பு நடுவில் மெல்லிசு என்று லூப்போல்ட் கம்பனி 1962-இல் டூப்ளெக்ஸ் என்று கொண்டுவந்தது. இன்றைக்கும் வேட்டைக்காரரில் கனபேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஜேர்மன்காரரின் 4-ஆம் நம்பர் இன்னொரு விதம். இடம், வலம், கீழ் மூன்று பக்கமும் தடித்த சட்டம், மேலே தடித்த சட்டம் இல்லை. நடுக்கோடு இருட்டில் காணாமல் போனாலும் அந்த மூன்று சட்டமும் கண்ணை நடுவுக்குக் கொண்டுபோய் விடும். மேற்பக்கம் திறந்திருப்பதால் மிருகத்தின் முதுகும் தலையும் மறையாது. என்னிடம் இருப்பது அதுதான், நடுவில் எரிகிற ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியோடு.

அந்தப் புள்ளிக்கு நான் முதலில் எதிர்ப்பு. பற்றறி போட்ட சாமானைக் காட்டுக்குள் நம்பக்கூடாது என்று கதைத்துத் திரிந்தவன். ஆனால் ஈரமான மரை எப்படியிருக்கும் என்று நீ இன்னும் பார்க்கவில்லை. கருங்கபிலம், நிற்பதும் கருநிழலில். கறுப்புக் கோட்டைக் கறுப்பில் வைத்தால் என்ன தெரியும்? ஒரு பின்னேரம் பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டேன். ஒன்று மட்டும் கவனி. வெளிச்சத்தை ஆகக் குறைந்த படியில் வை. கூடினால் புள்ளி பூத்துப்போய் அதுவே மரையை மறைக்கும். பற்றறி செத்தாலும் சட்டம் மூன்றும் இருக்கும்.

கிறிஸ்மஸ் மரத்தில் எனக்குப் பிடிக்காத இன்னொன்று. உனக்குக் காட்டினது முன் குவியத் தளத்தில் ரெட்டிகிள் வைத்தது. பெருக்கத்தைக் கூட்டக் கூட்டக் கோடும் சேர்ந்து பெருக்கும், எந்த இலக்கத்திலும் புள்ளிக்கணக்குப் பிழைக்காது. தூர வெடிக்காரருக்கு அது வரம். ஆனால் அடி இலக்கத்துக்கு வந்தால் அந்த மரம் முழுக்கச் சுருங்கி ஒரு அழுக்கு மாதிரித்தான் தெரியும், உனக்கோ காட்டுக்குள் தேவை அந்த அடி இலக்கம். பின் தளத்து ரெட்டிகிள் எப்பவும் ஒரே தடிப்பு. அதில் கீழே புள்ளிகள் இருந்தால், அவை பெரும்பாலும் உச்ச இலக்கத்தில் மட்டும்தான் சரி. 10-இல் 5 சென்ரிமீற்றர் என்ற புள்ளி 5-இல் 10 ஆகிவிடும். மரை நிற்க இதையெல்லாம் கணக்குப் பார்ப்பாயா? சும்மா சிலுவை போதும்.

புள்ளியே தேவைப்படாமல் செய்யவும் வழி இருக்கு. .308-இல் 150 கிறெயின் சன்னத்தை 100 மீற்றரில் 5 சென்ரிமீற்றர் உயரத்தில் விழுகிற மாதிரிச் சரிப்படுத்திவிடு. பிறகு 200 மீற்றர் வரைக்கும் நடுவில் வைத்து அடிக்கலாம், ஏற்றமும் இறக்கமும் ஒரு கை அகலத்துக்குள் நிற்கும். அந்த மலைகளில் நான் 200-க்கு மேல் வெடி வைத்ததே இல்லை, பாதிக்குமேல் 80-க்குள். குறியை நகர்த்துகிற திருகி கால் எம்.ஓ.ஏ. என்றால் ஒரு கிளிக்குக்கு 100 மீற்றரில் 7 மி.மீ., பத்தில் ஒரு மில் என்றால் ஒரு சென்ரிமீற்றர் (எம்.ஓ.ஏ., மில் இரண்டும் கோண அளவு). எதுவென்றாலும் சரி, மூடி போட்ட திருகியாகப் பார். செடி கொடி திருப்பாது.

பூட்டுகிற வளையங்களில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. ஒரு பெடியன் ஆயிரம் டொலர் ஸ்கோப்பை முப்பது டொலர் வளையத்தில் பூட்டி, வெடிக்கு வெடி குறி ஓடுகிறது என்று ஸ்கோப்பைத் திட்டினான். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 சென்ரிமீற்றர் விட்டுப் பூட்டு. இல்லாவிட்டால் மேல்நோக்கிச் சரிவில் குனிந்து வெடி வைக்கும்போது ஸ்கோப் வந்து புருவத்தில் முத்தம் கொடுக்கும். என்ரை இடப்புருவத்தில் இருக்கிற பிறைத் தழும்பை "கார்க் கதவு" என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். (நான் இடக்கை என்பது உனக்குத் தெரியும்.) கோடு நேரா என்று பார்க்க, கராஜில் ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்.

இன்னொன்று. ஒருவருக்கும் சொன்னதில்லை. தொடங்கின வருசம், பைனாகுலர் ஏன் வீண்செலவு, ஸ்கோப்பாலேயே பார்க்கலாம் என்று இருந்தேன். ஒரு பின்னேரம் ஓடைக்கரையில் மண்ணிறமாய் ஏதோ அசைந்தது. துவக்கைத் தூக்கிப் பார்த்தேன். சிலுவையின் நடுவில் ஒரு மனிசன், மண்ணிறக் கோட்டோடு குந்தியிருந்து போத்தலில் தண்ணீர் பிடிக்கிறார். போல்ட் மூடவில்லை, விரல் வெளியேதான் இருந்தது. எண்டாலும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே ஈரத்தில் இருந்துவிட்டேன். அவர் நிரப்பி மூடியைப் பூட்டிக்கொண்டு போனார். அவருக்கு இன்றைக்கும் தெரியாது. அடுத்த கிழமை 8×42 பைனாகுலர் வாங்கினேன். உன்ரை பட்ஜெட்டில் அதை முதலில் எடுத்து வை. மிச்சத்தில் வருகிற ஸ்கோப் போதும்.

எங்கட மரைதான் இதெல்லாம் என்று நினைக்கச் சிலநேரம் சிரிப்பு வரும். 1860-களில் வெள்ளைக்காரன் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டது. அங்கே அதைச் சுடுவது குற்றம், இங்கே லைசன்ஸ் எடுத்தால் வருசம் முழுக்கத் தேடித் திரியலாம். போன தடவை ஒரு பெட்டை மரை கிடைத்து, கராஜில் வத்தல் போட்டுப் பார்த்தேன். வெயில் இல்லாமல் ஹீற்றரில் காய்ந்த வத்தல். மனிசி ஒன்றும் சொல்லாமல் இரண்டாம்தரம் போட்டுச் சாப்பிட்டாள், அப்ப சரி என்று நினைத்தேன்.

இப்ப ஒன்றும் வாங்காதே. ஆனி மாத நீண்ட விடுமுறைக்கு இங்கே வா. என்னிடம் துவக்கில் பூட்டாத ஸ்கோப் இரண்டு கிடக்கிறது. கடைக்குள் ரியூப் லைற்றில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். ஐந்தரைக்குப் பின்வளவில் நின்று வேலிக்கு அங்காலே இருக்கிற யூக்கலிப்ரஸ் நிழலை இரண்டாலும் பார். எது முதலில் இருண்டுபோகிறது என்று உனக்கே தெரியும்.

வரும்போது டண்டினோங்கில் வறுத்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ, பிறகு ஒரு கட்டு முருங்கைக்காய். முருங்கைக்காயை நான் சொல்லி வாங்கினதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே.

வசந்தியையும் பிள்ளைகளையும் சுகம் கேட்டதாகச் சொல்.

உன்ரை,
பாலா