லண்டனில விறகு ஸ்டோவ் மூட்டுற எங்கட ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணைமார், அக்காமார், தம்பி தங்கச்சியள் எல்லாருக்கும் வணக்கம்.

2022 இல காஸ் பில் ஏறினதில இருந்து எனக்குத் தெரிஞ்ச எங்கட சனம் கொஞ்சப்பேர் ஹோலுக்குள்ள விறகு ஸ்டோவ் பூட்டிட்டினம். வடிவாத்தான் இருக்கு, சூடும் நல்ல சூடு, நான் வேண்டாம் எண்டு சொல்ல வரேல்ல. ஆனா கடைக்காரன் "இது டெஃப்ரா (அரசாங்கத்தின்ர சுற்றுச்சூழல் திணைக்களம்) அனுமதிச்ச ஸ்டோவ், லண்டனில பிரச்சினையில்லை" எண்டு சொன்னதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சுக்கொண்டு ஈர விறகைப் போட்டு ராராவாப் புகைய விடுறியளே, அதைப்பற்றித்தான் இந்த மடல்.

ஊரில பனம் மட்டையும் ஊமலும் பொச்சுமட்டையும் வச்சு அடுப்பெரிச்ச எங்களுக்கே விறகெரிக்கக் காட்டித்தர வந்திட்டியோ எண்டு கேப்பியள், கேளுங்கோ. ஊர்க் குசினியில புகை கூரைக்குள்ளால போகும், பக்கத்து வீடு வேலிக்கங்கால ரெண்டு பரப்புத் தள்ளி இருக்கும் (அம்மாமார் அந்தப் புகையைக் குடிச்சு இருமினது வேற கதை). இஞ்ச வரிசையா ஒட்டின வீடுகள், குளிர்கால ராவில காத்து அசையாட்டி புகை மேல போகாமல் தெருவுக்குள்ளயே நிக்கும். 1952 டிசம்பர் 5 இல இருந்து 9 வரைக்கும் லண்டனில அப்பிடித்தான் கரிப்புகை படிஞ்சு நிண்டது, ஆயிரக்கணக்கான சனம் செத்துது, அதுக்குப் பிறகுதான் 1956 இல சுத்தமான காத்துக்கெண்டு சட்டமே வந்தது. லண்டனில பெரும்பகுதி இண்டைக்கும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிதான்.

இப்பத்தைய சட்டப்படி இந்தப் பகுதியில உங்கட சிம்னியால புகை வந்தா கவுன்சில் 175 பவுணில இருந்து 300 பவுண் வரைக்கும் தண்டம் போடலாம். அனுமதியில்லாத ஸ்டோவுக்கோ வீட்டுக்குள்ள சிம்னிக்குக் கீழ திறந்து எரியிற நெருப்புக்கோ விறகு வாங்கினா 1000 பவுண் வரைக்கும் போகும். டெஃப்ரா லிஸ்ட்டில உங்கட மாடல் இருக்கலாம், ஆனா அந்த அனுமதி ஸ்டோவோட வந்த புத்தகத்தில சொன்ன மாதிரி, சொன்ன விறகை எரிச்சாத்தான். அந்தப் புத்தகத்தை எத்தினை பேர் திறந்து பாத்தனீங்கள்?

முக்காவாசிப் பிரச்சினை விறகிலதான். தெருவில மரம் வெட்டினவங்கள் சும்மா தந்தவங்கள் எண்டு காரில ஏத்திக்கொண்டு வந்து அடுத்த கிழமையே எரிக்கிறது. பச்சைக் கட்டை பத்துக் கிலோ எண்டா அதில நாலஞ்சு லீற்றர் தண்ணி இருக்கும், நெருப்பு முதல்ல அந்தத் தண்ணியைக் கொதிக்க வைக்கோணும், பிறகெங்க வீடு சூடாகிறது? நெருப்பு சூடு காணாமல் மரத்தில இருந்து வாற வாயு எரியாமலே புகையாகி மேல போகும், போற வழியில சிம்னிக்குள்ள தாரா ஒட்டும், ஒரு நாள் அந்தத் தார் பத்தினா தீயணைப்புக்காரர் வந்து வாசலில நிப்பினம். ஈரம் 20 வீதத்துக்குள்ள இருக்கோணும். 2021 மே மாதம் தொடங்கி இங்கிலாந்தில ரெண்டு கன மீற்றருக்குக் குறைவா விறகு விக்கிறவை "ரெடி டு பேர்ன்" முத்திரையோடதான் விக்கலாம், அதைப் பாத்து வாங்குங்கோ. சும்மா வந்த மரம் எண்டா பிளந்து, மேல மட்டும் மூடி, பக்கமெல்லாம் காத்துப் போக அடுக்கி வையுங்கோ, பைன் மாதிரி மெல்லிய மரத்துக்கு ஒரு வருசமாவது, ஓக் மாதிரி வைரமான மரத்துக்கு ரெண்டு வருசமாவது வேணும். ஈரம் பாக்கிற மீற்றர் பெரிய விலையில்லை, ஆனா வெளிப்பக்கம் குத்திப் பாக்கிறது வீண், கட்டையைப் பிளந்து புதுசா வந்த உள்பக்கத்தில குத்துங்கோ.

மூட்டுற விதமும் ஊர் அடுப்புக்கு நேர்மாறு. பெரிய கட்டை அடியில, அதுக்கு மேல சின்னது, எல்லாத்துக்கும் மேல சிராய், உச்சியில பத்த வையுங்கோ. நெருப்பு மேல இருந்து கீழ இறங்கேக்க அடியில இருந்து வாற வாயு சுவாலைக்குள்ளால போய் எரிஞ்சிடும், புகை பாதிக்கு மேல குறையும், நம்பாட்டி வெளிய போய் சிம்னியை அண்ணாந்து பாருங்கோ. தொடங்கேக்க காத்து வழி முழுக்கத் திறந்திருக்கோணும், பிடிச்சாப் பிறகு அடிக்காத்தைக் குறைச்சு மேல்காத்தில எரிய விடுங்கோ. கட்டையை ஒண்டு ரெண்டாப் போடுங்கோ, கண்ணாடி கறுத்தா எங்கயோ பிழை எண்டு அர்த்தம்.

படுக்கப் போகேக்க ஸ்டோவை நிரப்பிப் போட்டு காத்தை முழுக்க அடைக்கிறதுதான் எல்லாத்திலயும் மோசம். விடிய வரைக்கும் தணல் கிடக்கும் எண்டு சொல்லுவியள், கிடக்கிறது வெறும் புகைச்சல், அது பக்கத்து வீட்டு ஜன்னலாலதான் உள்ள போகும். மணமில்லாத நச்சு வாயு, காபன் மொனொக்சைட், அதுவும் வேற வரும். அதுக்கு அலாரம் இல்லாமல் ஸ்டோவ் வைச்சிருக்கிறவை இண்டைக்கே வாங்குங்கோ. பெயின்ற் அடிச்ச பலகை, எம்டிஎஃப் (மரத்தூளைப் பசை போட்டு அமுக்கின பலகை), பழைய வேலிக்கட்டை, குப்பை ஒண்டும் உள்ள போடாதேங்கோ, மருந்தடிச்ச பழைய பலகையில ஆர்சனிக் கூட இருக்கலாம்.

பின்வளவு ஷெட்டில பொரிக்கிறதுக்கெண்டு விறகடுப்பு கட்டி கூரையால குழாய் விட்டிருக்கிற ஆக்கள், உங்களுக்கும் இந்த விதிதான். பொங்கலுக்கு வெளியில கல்லு வச்சு பானை ஏத்துறது சிம்னி விதிக்குள்ள வராது, பயப்பிடாதேங்கோ, ஆனாலும் காய்ஞ்ச விறகை வையுங்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலே சொல்லி பொங்கலும் குடுத்தா ஒருத்தரும் கவுன்சிலுக்கு போன் அடிக்க மாட்டினம்.

இன்னொண்டு, கோவிக்காதேங்கோ. இந்த நாட்டில வாகனங்களின்ர புகைக்குழாயால வாறதை விட வீடுகளில எரியிற விறகால வாற பி.எம் 2.5 தூசு (நுரையீரலுக்குள்ள ஆழமாப் போற மிக நுண்ணிய தூசு) கூட. நல்ல ஸ்டோவில நல்ல விறகு எரிச்சாலும் காஸ் ஹீற்றிங்கை விடப் பல மடங்கு தூசு வரும். விறகை விலைக்கு வாங்கி எரிச்சா காசும் பெரிசா மிஞ்சாது. வீட்டில ஆஸ்மாப் பிள்ளையோ நெஞ்சு வருத்தக்கார அப்பம்மாவோ இருந்தா ஸ்டோவை வடிவுக்கு வச்சிட்டு ஹீற்றிங்கைப் போடுங்கோ.

மற்றது சிம்னி கூட்டுறது. விறகெரிக்கிற வீட்டில வருசத்துக்கு ஒருக்காவாவது, கனக்க எரிச்சா ரெண்டு தரம், சேர்ட்டிபிக்கேற் தாற ஆளாப் பாத்துப் பிடியுங்கோ, இன்சூரன்ஸ்காரன் கேப்பான். ஆகஸ்டிலயே புக் பண்ணுங்கோ, குளிர் தொடங்கினாப் பிறகு தேடினா ஆள் அம்பிடாது.